கருங்கல்லுக்கும் ஜாதகம் உண்டு

(நமது முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் அலங்காநல்லூர்க்காரன். சிவில் துறையில் 2010இல் படிப்பை முடித்தவன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் "மாடு பிடிப்பீங்களா?" என்றுதான் கேட்பார்கள். மாடு பிடித்ததில்லை. கல் பிடித்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லப் போகிறேன் என்பதால், ஆசிரியர்கள் பெருமைப்படுவதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

நம்ம படிப்பில் புவியியல் என்று ஒரு பாடம் உண்டு. பாஸ் பண்ணினால் போதும் என்று எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்த பாடம். செய்முறைத் தேர்வில் மேசைமேல் கற்களை வைப்பார்கள். அதற்கு ஒரு சீனியர் அண்ணன் எனக்குச் சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்: "கறுப்பா இருந்தா பசால்ட், புள்ளி புள்ளியா இருந்தா கிரானைட், வெள்ளையா இருந்தா குவார்ட்ஸ். எழுதிட்டு வந்துடுடா." அந்த அண்ணன் இப்போது இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சூத்திரத்தால் நான் பாஸானது உண்மை. அதே சூத்திரத்தால் பிற்பாடு நான் ஒருவருக்கு நஷ்டம் ஏற்படுத்தியதும் உண்மை.

முதலில் நம்ம ஊர்க் கல்லைப் பார்ப்போம். வீட்டு அஸ்திவாரம், ரோட்டு ஜல்லி, அம்மி, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் 'கருங்கல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மதுரைப் பக்கத்துக் கருங்கல் பசால்ட் கிடையாது. பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோக்கைட் வகைகள். பழநி மலை சார்னோக்கைட் மலை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை வைத்துத்தான் இந்தப் பெயர் வந்தது. தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1900இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். இவையெல்லாம் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, அழுந்தி, கோடிக்கணக்கான வருஷங்களில் மேலே வந்த கற்கள். பசால்ட் என்பது வேறு. எரிமலைக் குழம்பு வெளியே வழிந்து சீக்கிரம் ஆறி இறுகிய கல். நிறம் ஒன்றுபோல இருக்கலாம், பிறப்பு வேறு.

இது எனக்கு உறைத்த இடம் மொரீஷியஸ் தீவு. ஒரு தனியார் நிறுவனத்தின் சார்பில் பால வேலைக்காக அங்கே போனேன். ஜல்லி, மணல் இரண்டின் தரமும் என் பொறுப்பு. தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர், நம் மதுரை மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதி. இறங்கியதும் எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. எங்கே திரும்பினாலும் கரும்பு. ஆனால் கரும்புக் காட்டுக்கு நடுநடுவே, கோபுரம் மாதிரி கறுப்புக் கல் குவியல்கள்! போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர் அவர். போனில் கேட்டார்: "ஏண்டா, கல்லுக்குள்ளயா கரும்பு போடுறாய்ங்க?"

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அந்தத் தீவே எரிமலையால் ஆனது. நிலத்தில் எங்கே தோண்டினாலும் பசால்ட் உருண்டைகள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் உண்டு. அவர்கள் இறங்கிய இடமான ஆப்ரவாசி காட், 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தக் கரும்புக் காட்டுக் கல்லைப் பொறுக்கிக் குவித்த கைகளில் நம்மவர்களின் கைகளும் உண்டு. அதற்கும் முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்கள் அங்கே போய்க் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். ஆக, அந்தத் தீவுக்குப் போன முதல் தமிழ் சிவில் ஆள் நான் இல்லை!

2001இல் அங்கே கடலோரக் காயல்களில் பவள மணல் அள்ளுவதைத் தடை செய்துவிட்டார்கள். அதன்பின் கட்டட மணல் என்றால் பசால்ட்டை நொறுக்கிய மணல்தான், நம்ம எம்-சாண்ட் மாதிரி. எங்கள் வேலைக்கு ஜல்லியும் மணலும் தந்தவர் தமிழ் வம்சாவளிப் பெரியவர் ஒருவர். சின்ன கிரஷர் வைத்திருந்தார். கரும்புக் காட்டில் இயந்திரம் ஓட்டுவதற்காக அப்புறப்படுத்திய பழைய கல் குவியல்களை வாங்கி உடைப்பார். அவருக்குத் தமிழில் 'வணக்கம்', 'தாத்தா', 'தம்பி' இப்படிச் சில வார்த்தைகள்தான் தெரியும். மீதியெல்லாம் கிரியோலும் ஆங்கிலமும்.

அவருடைய கல்லுக்கு லேப் ரிப்போர்ட் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'ஆல்கலி பசால்ட்' என்று போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம் சொல்கிறேன். கான்கிரீட்டில் ஆல்கலி–சிலிக்கா வினை என்று ஒரு நோய் உண்டு. கலிபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் என்ற பொறியாளர் 1940இல் இதை வெளிப்படுத்தினார். சிமென்டில் உள்ள சோடியம், பொட்டாசியம் ஆல்கலிகள் கல்லில் உள்ள சிலவகை சிலிக்காவைத் தாக்கும். ஜெல்லி மாதிரி ஒரு பொருள் உண்டாகும். அது தண்ணீரைக் குடித்து உப்பும். சில வருஷங்களில் கான்கிரீட் வலைபோல வெடித்துவிடும். பாலத்துக்கு வந்தால் நினைத்துப் பாருங்கள். நான் என்ன நினைத்தேன்? ஆல்கலி கெட்டது, இந்தக் கல்லிலேயே ஆல்கலி இருக்கிறது, ஆகவே கல் கெட்டது. அன்று மாலையே 'இந்தக் கல் ஏற்கத்தக்கதல்ல' என்று கடிதம் எழுதிவிட்டேன். கிரஷர் நின்றது.

மறுநாள் பெரியவர் வந்தார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, இந்தக் கல்லைக் குவித்தது என் பாட்டன் கை. அவரிடம் யாரும் லேப் ரிப்போர்ட் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், நல்லது. ஆனால் ரிப்போர்ட்டை முழுதாகப் படித்தீர்களா?"

படிக்கவில்லை. அதுதான் உண்மை.

அந்த லேபில் ஆலோசகராக இருந்த ஒரு பெண் புவியியலாளரிடம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் என்னை உட்கார வைத்து முதலில் கேட்ட கேள்வி: "உங்கள் ஊரில் எந்தக் கல்லில் பாலம் கட்டுவீர்கள்?" "கிரானைட் மேடம்" என்றேன். "அதில் சோடியம் ஆக்சைடும் பொட்டாசியம் ஆக்சைடும் சேர்ந்து எத்தனை சதவீதம்?" தெரியவில்லை. "சாதாரணமாக 7, 8 சதவீதம் இருக்கும். நீங்கள் தள்ளிய இந்தக் கல்லில் 4 சதவீதம்கூட இல்லை. ஆல்கலிக்குப் பயந்தால் முதலில் உங்கள் ஊர்க் கல் எல்லாவற்றையும் தள்ள வேண்டும்!"

நான் வாயடைத்துப் போனேன். அப்புறம் ஏன் அதற்கு 'ஆல்கலி' என்று பெயர்?

அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கிடைக்கோட்டில் சிலிக்கா, நெடுக்கோட்டில் இரண்டு ஆல்கலிகளின் கூட்டுத்தொகை. குறுக்கே சாய்வாக ஒரு கோடு. ஹவாய்த் தீவுக் கற்களை ஆராய்ந்து மெக்டொனால்ட், கட்சுரா என்ற இருவர் 1964இல் போட்ட கோடு அது. சிலிக்கா 46 சதவீதம் உள்ள பசால்ட்டில் ஆல்கலி சுமார் 2.6 சதவீதத்தைத் தாண்டினால் அது ஆல்கலி பசால்ட். சிலிக்கா 50 சதவீதமானால் 4 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதாவது, ஆல்கலி எவ்வளவு என்பது மட்டும் கணக்கல்ல, சிலிக்காவோடு ஒப்பிட்டு எவ்வளவு என்பதே கணக்கு. ஐயாயிரம் ரூபாய் வட்டி கட்டுகிறவன் கஷ்டப்படுகிறானா இல்லையா என்று அவன் சம்பளம் தெரியாமல் சொல்ல முடியுமா? அதே கதைதான்.

இந்த வகைக் கல்லில் சிலிக்காதான் பற்றாக்குறை. உபரியாக நின்று குவார்ட்ஸாகும் அளவுக்கு சிலிக்கா மிஞ்சுவதில்லை. இருக்கிற சோடியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் தாதுக்களுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. நான் பயந்த நோய்க்கு வேண்டியது கல்லிலுள்ள வினைபுரியும் சிலிக்கா. 'ஆல்கலி' என்ற பெயரே சிலிக்கா குறைவு என்பதற்கான அடையாளம் என்றால், நான் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

"அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது" என்றார் அவர். எரிமலைக் கல்லில் சீக்கிரம் ஆறியதால் படிகமாகாத கண்ணாடி இருக்கலாம். காற்றுக் குமிழ் இருந்த துளைகளில் பின்னாளில் ஓப்பல், சால்செடனி போன்ற சிலிக்கா வகைகள் படிந்திருக்கலாம். அவை வில்லங்கமானவை. ஆலிவின் சிதைந்து களிமண்ணாகியிருந்தால் அதுவும் ஆகாது. இதெல்லாம் பெயரில் தெரியாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு கல்லுக்குள் பார்த்தேன். கறுப்புக் கல் என்று சூத்திரம் போட்டேனே, அதற்குள் தீபாவளி மத்தாப்பு மாதிரி நிறங்கள்! பச்சையும் ஊதாவுமாய் மின்னியது ஆலிவின். மெல்லிய கோடு கோடாக பெல்ஸ்பார். இடையிடையே பைராக்சீன். நம் கல்லூரி அலமாரியில் துணி போர்த்தி வைத்திருந்த மைக்ராஸ்கோப் அன்றைக்கு ஞாபகம் வந்தது.

பிறகு முறைப்படி சோதனை. கல் மணலில் செய்த சாந்துக் கட்டைகளை 80 டிகிரி சூட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 14 நாள் வைத்து நீட்சி அளக்க வேண்டும். 0.10 சதவீதத்துக்குக் கீழே நீண்டால் பயமில்லை. பெரியவரின் கெட்டியான கல் நன்றாகவே பாஸ் பண்ணியது. துளைகள் நிறைந்து, உள்ளே வெள்ளைப் படிவு இருந்த ஒரு குவியலை மட்டும் ஒதுக்கினோம். அதை அவரே "சரி" என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் அந்த மூன்று வாரம் அவர் கிரஷர் ஓடவில்லை. ஆட்களுக்குச் சம்பளம் கைக்காசிலிருந்து கொடுத்திருக்கிறார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்து அனுப்பினார். அந்த டீ இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. சோதனை செய்யச் சொன்னது தவறில்லை. சோதிக்கும் முன்னே, ஒரு வார்த்தையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினேனே, அதுதான் தவறு.

அதன்பின் எனக்கு அந்தக் கல்லின் ஜாதகத்தையே பார்க்கணும் என்று ஆசை வந்துவிட்டது. நடுக்கடல் தீவுகளில் ஏன் இந்த வகைக் கல்? பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் திடமான பாறை. அது முழுதாக உருகுவதில்லை, கொஞ்சம்தான் உருகும். இங்கேதான் நம்ம சின்ன வயசு கலர் ஐஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு உறிஞ்சிலேயே கலரும் இனிப்பும் வந்துவிடும். கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ். மேன்டிலும் அப்படித்தான். சோடியம், பொட்டாசியம், லாந்தனம் போன்றவை உருகலுக்குள் முதலில் ஓடிவருகிற ஆட்கள். ஆழத்தில் நூற்றுக்குச் சில சதவீதம் மட்டும் உருகினால் குழம்பில் அவை அடர்த்தியாக இருக்கும். அது ஆல்கலி பசால்ட். 10, 20 சதவீதம் உருகினால் அவை நீர்த்துப்போகும். அதற்குத் தோலியைட் பசால்ட் என்று பெயர். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு உருகியது என்ற கணக்கு அந்தச் சில சதவீத ஆல்கலியிலேயே எழுதியிருக்கிறது.

குழம்பு மேலே வரும் வழியில் தங்கினால் இன்னொரு வேலை நடக்கும். சர்க்கரை ஆலை ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாகில் சர்க்கரை படிகமாகிப் பிரிந்ததும் மிச்சமெல்லாம் மொலாசஸில் சேர்கிறதல்லவா? அதுபோல ஆலிவின் படிகங்கள் மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். மிஞ்சிய குழம்பில் சிலிக்காவும் ஆல்கலியும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வெளிறிய நிறத்தில் டிராக்கைட் என்ற கல் பிறக்கும். மொரீஷியஸில் கறுப்பு பசால்ட்டைத் துளைத்துக்கொண்டு நிற்கும் டிராக்கைட் முளைகள் உண்டு.

அந்த டிராக்கைட்டுக்குள்தான் அதிசயம். தீவின் பழைய எரிமலைப் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 90 லட்சம் வருஷம். 2013இல் தீவின் கடற்கரை மணலில் 66 கோடி முதல் 197 கோடி வருஷம் வயதுள்ள ஜிர்கான் மணிகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். காற்றிலோ கப்பலிலோ வந்திருக்கும் என்று சந்தேகம் கிளப்பலாம். 2017இல் லூயிஸ் ஆஷ்வால் குழுவினர், 57 லட்சம் வருஷம் வயதுள்ள டிராக்கைட் பாறைக்கு உள்ளேயே 250 முதல் 300 கோடி வருஷம் வயதுள்ள ஜிர்கான்களைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பாறைக்குள் இருப்பதை யாரும் கொண்டுவந்து போட்டிருக்க முடியாது. யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கில் வந்த வயது அது. பேரன் வீட்டுப் பெட்டியில் முப்பாட்டனின் மோதிரம் கிடைத்த மாதிரி! தீவுக்கு அடியில் ஒரு பழைய கண்டத்தின் துண்டு புதைந்திருக்கிறது, எரிமலைக் குழம்பு மேலேறும்போது அதன் மணிகளைச் சேர்த்து அள்ளி வந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? மடகாஸ்கரின் மத்திய–கிழக்குப் பகுதியோடு அதன் வயதுகள் ஒத்துப்போகின்றன என்கிறார்கள். சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன்புவரை மடகாஸ்கரும் நம் தென்னிந்தியாவும் ஒட்டிக்கொண்டிருந்த நிலம். நடுவே பிரிந்தபோது உதிர்ந்த துண்டுகளில் ஒன்று அது. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்தது. 6.6 கோடி வருஷங்களுக்கு முன் தக்காணத்தில் பெருக்கெடுத்த பசால்ட்டுக்குக் காரணமான அதே வெப்பப் புள்ளிதான், பின்னால் மொரீஷியஸைக் கட்டி, இன்று பக்கத்து ரீயூனியன் தீவின் எரிமலையாகப் புகைந்துகொண்டிருக்கிறது என்பது பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து.

தீவுக்கடியில் இருப்பது நம்ம மதுரைக் கல்லேதான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரே குடும்பத்துக் கல். கப்பலேறிப் போன நம்மவர்கள் அந்நிய மண் என்று நினைத்துத்தான் கல் பொறுக்கியிருப்பார்கள். அவர்கள் காலுக்கடியில், எரிமலைக்கும் அடியில், தாய் நிலத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு இருந்திருக்கிறது. நான் ஊருக்குத் திரும்பும் முன் இதைப் பெரியவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கிரஷர் பக்கம் கையைக் காட்டி, "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் விலையை ஏற்றியிருப்பேனே!" என்று சிரித்தார்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு மூன்று விஷயம். புவியியல் பாடத்தைப் பாஸ் மார்க்கோடு விட்டுவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் கையெழுத்தில் பாலமும் நிற்கும், ஒருவர் பிழைப்பும் நிற்கும். இரண்டாவது, ஐ.எஸ். 2386 என்ற இந்தியத் தர நெறியில் ஜல்லியை நசுக்கிப் பார்க்கும் சோதனையோடு நிறுத்திவிடுகிறோம். அதன் 8ஆம் பகுதி, கல்லின் உள்ளமைப்பைப் பார்க்கும் பாறையியல் சோதனை. அதையும் படியுங்கள். மூன்றாவது, ரிப்போர்ட்டில் தலைப்பை மட்டும் பார்த்து யாருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். கல்லுக்கும் சரி, மனுஷனுக்கும் சரி.

அங்கே தயாரித்த 20 கல் சீவல்களைக் கொண்டுவந்திருக்கிறேன். மொரீஷியஸ் பசால்ட்டும் உண்டு, நம்ம பக்கத்துச் சார்னோக்கைட்டும் உண்டு. துறைத் தலைவர் அவர்கள் பெற்றுக்கொண்டு, அந்த மைக்ராஸ்கோப்பின் துணியை எடுத்துவிட வேண்டும் என்று மாணவனாகவே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருஷம் வரும்போது ஒரு தம்பியாவது, தங்கையாவது என்னிடம் வந்து, "அண்ணே, பதினோராம் நம்பர் சீவல்ல ஆலிவின் பார்த்தேன்" என்று சொன்னால் அதுவே எனக்குப் போதும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இனியும் நான் பேசினால் நீங்கள் கையில் கல்லை எடுப்பீர்கள். எடுத்தால் ஒரு வேண்டுகோள்: எறிவதற்கு முன்னால் அது என்ன கல் என்று ஒரு நிமிஷம் பாருங்கள்!